சக்குலண்டுக்கு மண் மாற்றும் காலம்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பொங்கல் கழிந்ததும் நர்சரிக்கு வருகிறவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான்: “சக்குலண்ட் வளரவே மாட்டேங்குது, பெரிய தொட்டியா ஒண்ணு கொடுங்க.” சக்குலண்ட் என்றால் இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் சதைப்பற்றுள்ள செடி. தொட்டி விற்கிற கடைதான் இது. ஆனாலும் பல பேரிடம், “பெரிய தொட்டி வேண்டாம், இதே தொட்டியில் மண்ணை மட்டும் மாற்றுங்கள்” என்று சொல்லித்தான் அனுப்புகிறோம். அதற்கான காரணத்தை விளக்கமாகச் சொல்ல, கூட்டம் இருக்கும் நேரத்தில் முடிவதில்லை. அதனால் இந்த மடல்.

நீங்கள் வாங்கிப் போகும் சின்னச் செடிகள் பெரும்பாலும் வெளியூர்ப் பண்ணைகளில், கறுப்பு பிளாஸ்டிக் கப்பில், கோகோபீட் என்ற தேங்காய் நார்த்தூளில் வளர்ந்தவை. லாரியில் ஏற்றி அனுப்ப எடை குறைவு, அவர்களுக்கு அது வசதி. நம் மாடிக்கு வந்த பிறகுதான் தொல்லை. கோகோபீட் ஒரு தடவை முழுசாகக் காய்ந்துவிட்டால் லேசில் தண்ணீரை வாங்காது. ஊற்றியது ஓரமாக வழிந்து அடித் துளையில் போய்விடும். நன்றாக நனைந்துவிட்டாலோ நடுவில் ஈரம் விடாது. நாளாக ஆக மக்கித் தூளாகி, வேருக்குக் காற்றே போகாதபடி இறுகிவிடும். இதோடு நம் போர் தண்ணீரின் உப்பும் சேர்கிறது. தொட்டி விளிம்பிலும் மண் மேலும் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிறதே, அது அந்த உப்புத்தான். இப்படிப்பட்ட மண்ணோடு செடியைத் தூக்கிப் பெரிய தொட்டியில் வைத்தால் என்ன ஆகும்? சுற்றிலும் இன்னும் கொஞ்சம் மண், அதில் இன்னும் கொஞ்சம் ஈரம். சக்குலண்டின் வேர் குடிப்பதோ கொஞ்சம். மீதி ஈரம் அப்படியே நின்று வேரை அழுக வைக்கும்.

சென்ற வாரம் மதுரை கே.கே. நகரிலிருந்து ஒரு அம்மா, ரோஜாப்பூ மாதிரி இலை அடுக்கியிருக்கும் எச்செவேரியா ஒன்று கொண்டுவந்தார். கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்தது, பளபளப்பான பீங்கான் கிண்ணம், அடியில் துளை கிடையாது. கீழ் இலைகள் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்தன. தொட்டதும் கையோடு வந்தன. கவிழ்த்துத் தட்டினோம். கட்டியாக விழுந்த கோகோபீட்டின் வெளிப்பக்கம் தவிட்டு நிறத்தில் காய்ந்து கிடந்தது, நடுவில் கையை வைத்தால் சில்லென்று ஈரம், புளித்த வாடை. அதற்குள்ளே, நாற்று விடும்போது வைத்த சின்ன வலைக்கூடு இன்னும் வேரை இறுக்கிப் பிடித்திருந்தது. வேர் கறுத்துக் கொழகொழத்துவிட்டது. மேலே நான்கு அடுக்கு இலை உறுதியாக இருந்ததால், தண்டை வெள்ளையாகத் தெரியும் இடம் வரை வெட்டிக் காயப்போட்டிருக்கிறோம். புது வேர் விடும் என்று நம்புகிறோம்.

மாற்ற வேண்டிய நேரத்தைச் செடியே காட்டும். அடித் துளை வழியே வேர் எட்டிப்பார்க்கும். பிளாஸ்டிக் தொட்டியின் பக்கம் பிதுங்கும். பாம்புக் கற்றாழை தொட்டியையே பிளந்துவிடும். தண்ணீர் ஊற்றினால் மேலேயே குளமாக நிற்கும், அல்லது நிற்காமல் அப்படியே கீழே ஓடிவிடும். பக்கக் கன்றுகள் நெருக்கியடித்துத் தாய்ச் செடியை மேலே தூக்கும். எதுவுமே இல்லாவிட்டாலும், ஒரே மண்ணில் இரண்டு மூன்று வருஷம் ஆகிவிட்டதென்றால் ஒரு தடவை வெளியே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

செடி ஒல்லியாக நீண்டு, இலைக்கும் இலைக்கும் இடைவெளி விட்டுச் சாய்கிறதா? அதற்குத் தொட்டி காரணமில்லை, வெளிச்சம் போதவில்லை. காலை வெயில் படும் இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். பூத்திருக்கும் செடியையும் தொடாதீர்கள், பூ உதிரட்டும்.

அடுத்தது பருவம். இணையத்தில் பார்த்துவிட்டு, “ஏப்ரல், மே மாதம் மாற்றச் சொல்கிறார்களே” என்று கேட்பவர்கள் உண்டு. அது குளிர்நாட்டுக் கணக்கு. இந்தச் செடிகளில் பெரும்பாலானவை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறந்து காற்றை வாங்கும். மதுரையில் அக்னி நட்சத்திரத்தின்போது இரவிலும் புழுக்கம் அடங்குவதில்லை. பல செடிகள் அப்போது வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சும்மா இருக்கும். வேரை வெட்டினால் புது வேர் விடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேர்க் காயம் ஆறாது, பூஞ்சை பிடிக்கும். ஆகவே தை பிறந்ததிலிருந்து பங்குனி பாதி வரைதான் நமக்கு நல்ல காலம். சித்திரைத் திருவிழாவுக்குக் கொடி ஏறும் முன்பே வேர் பிடித்திருக்க வேண்டும். தவறவிட்டவர்கள் ஆடி, ஆவணியில் செய்யலாம், மழை படாத இடம் இருந்தால். அழுகல் கண்ட செடிக்கு மட்டும் நாள் பார்க்கக் கூடாது, அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். மண் காய்ந்திருந்தால் வேர் அறாமல் வரும். தொட்டியைச் சாய்த்து, பக்கத்தில் தட்டி, செடியை அடித்தண்டில் பிடித்து எடுங்கள். இலையைப் பிடித்து இழுக்காதீர்கள். பழைய மண்ணை விரலால் உதிர்த்துவிட்டு வேரை நன்றாகப் பாருங்கள். வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருந்தால் நல்ல வேர். கறுத்து நசுங்குவதை வெட்டுங்கள். காய்ந்து நூலாகக் கிடப்பதையும் எடுத்துவிடலாம். வேருக்கிடையே பஞ்சுப்பொடி தூவியதுபோல் இருந்தால் அது மாவுப்பூச்சி. வேரை முழுவதும் கழுவி, பழைய மண்ணை வேறு எந்தச் செடிக்கும் போடாமல் அப்புறப்படுத்துங்கள். பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில், செய்தித்தாள் மேல் மூன்று நான்கு நாள் கிடக்கட்டும். வெட்டிய இடம் காய்ந்து தோல் கட்ட வேண்டும். “செடி செத்துப்போயிடாதா?” என்று பயப்படாதீர்கள். அதற்கு வேண்டிய தண்ணீர் இலைக்குள்ளேயே இருக்கிறது.

மண் கலவையில் கரகரப்பான பொருள் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். நாங்கள் போடுவது எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) இரண்டு பங்கு, பட்டாணி அளவில் உடைத்த செங்கல் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. எம்-சாண்டை அப்படியே போட்டால் அதிலுள்ள கல்மாவு இறுகிவிடும். மாவுச் சல்லடையில் சலித்து, மேலே தங்குவதை மட்டும் கழுவி எடுங்கள். கலவையை நனைத்துக் கையில் பிடித்துத் திறந்தால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் இன்னும் செங்கல் சேருங்கள்.

தொட்டியின் அடியில் கனமாக ஜல்லி பரப்பும் பழக்கத்தை விட்டுவிடச் சொல்லி எல்லாரையும் கேட்டுக்கொள்கிறோம். மேலே உள்ள மண் முழுசாக ஊறிய பிறகுதான் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கும். அதனால் ஈரம் நிற்கிற மட்டம் வேரை நோக்கி இன்னும் மேலேதான் வருகிறது. துளை மேல் ஒரு ஓட்டுச்சில்லோ கொசுவலைத் துண்டோ போதும்.

தொட்டி பழைய அளவே இருக்கட்டும். வேர் உண்மையிலேயே நிறைந்திருந்தால் ஒரு அங்குலம் கூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். மண்தொட்டிதான் எங்கள் முதல் சிபாரிசு. மானாமதுரைக் குயவர்களின் தொட்டிகள் நம் பக்கத்திலேயே கிடைக்கின்றன. சுவர் வழியாகவும் ஈரம் ஆறும். புதுத் தொட்டியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காயவிட்டுப் பயன்படுத்துங்கள். பீங்கான் கிண்ணம்தான் ஆசையென்றால் கொண்டுவாருங்கள், டைல்ஸ் துளைக்கும் டிரில் பிட் வைத்துத் துளை போட்டுத் தருகிறோம்.

நட்ட அன்று தண்ணீர் ஊற்றாதீர்கள். இந்த மடலில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும். கையாளும்போது வேரில் சின்னச் சின்னக் காயம் பட்டிருக்கும். ஈரம் பட்டால் அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும். ஐந்தாறு நாள் வெளிச்சமான நிழலில் வைத்துவிட்டு, பிறகு அடித் துளையில் வழியும் வரை ஒரே தடவையாக ஊற்றுங்கள். மண் முழுசாகக் காய்ந்த பின்தான் அடுத்தது. நேர் வெயிலுக்கு இரண்டு மூன்று வாரம் பொறுங்கள்.

சில செடிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். சின்னக் கற்றாழை மாதிரி இருக்கும் ஹாவோர்த்தியா பழைய வேரைத் தானே கழித்துவிட்டுப் புது வேர் விடும் குணமுள்ளது, காய்ந்த வேரைப் பார்த்துக் கலங்க வேண்டாம். பாலைவன ரோஜா என்கிற அடீனியத்தை ஒவ்வொரு தடவையும் சற்றே உயர்த்தி நட்டால் பருத்த அடிப்பாகம் வெளியே தெரியும். வேரை வெட்டினால் ஒரு வாரம் காய வேண்டும். அதன் பால் நஞ்சு. கள்ளி வகைகளின் பால் கண்ணில் பட்டால் பெரிய உபாதை. கையுறை போடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். முள்ளுள்ள கள்ளியைச் செய்தித்தாளைப் பட்டையாக மடித்து, இடுப்பில் சுற்றிப் பிடித்துத் தூக்கலாம். எச்செவேரியா மலைக்குளிருக்குப் பழகியது. மதுரைக் கோடையில் என்ன பார்த்தாலும் கொஞ்சம் சிரமப்படும். முதன்முதலாக வளர்ப்பவர்கள் ஹாவோர்த்தியா, ஜேடு, கற்றாழை என்று தொடங்குங்கள்.

மார்ச் மாதக் கடைசி வரை, எங்களிடம் வாங்கிய செடியானாலும் வேறிடத்தில் வாங்கியதானாலும், வேர் பார்த்துச் சொல்லக் காசு வாங்குவதில்லை. கலவையும் சலித்துத் தயாராக வைத்திருக்கிறோம். கொண்டுவருவதற்கு முன் ஒரு வாரம் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பஸ்ஸில் வருபவர்கள் தொட்டியைச் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் நிமிர்த்தி வையுங்கள். காலை நேரத்தில் வந்தால் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் நர்சரியிலிருந்து