பஞ்சு இல்லாத ஆறு

சுங்கை சிப்புட், மலேசியா
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

கூடத்துச் சுவரில் மாட்ட நம் ஆற்றின் படம் வேண்டும் என்று நீ கேட்டு மூன்று மாதமாகிவிட்டது. நீ விட்டுப்போன கேமராவைத் தூக்கிக்கொண்டு பெலுஸ் ஆற்றங்கரைக்கு ஏழெட்டுத் தடவை போய்விட்டேன். இன்றுதான் அனுப்பும்படியாக ஒன்று அமைந்தது.

முதலில் எல்லோரையும்போல ஷட்டரை இரண்டு விநாடி திறந்து வைத்து எடுத்தேன். ஓடுகிற நீரெல்லாம் வெள்ளையாகக் குழைந்துவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, "ஆற்றில் யார் பஞ்சைக் கொட்டியது?" என்று கேட்டாள். ரோஷம் வந்தது. ஆனால் அவள் கேட்டது நியாயம்தான். நம் ஆறு இரைகிற ஆறு. அந்தப் படத்தில் சத்தமே இல்லை. இப்போது 1/15 விநாடிக்கு மேல் திறப்பதில்லை. பாறையில் மோதும் நீர், ரப்பர் மரத்திலிருந்து உறைந்த ஒட்டுப்பாலை உரிக்கும்போது நீளுமே, அப்படி இழைஇழையாகப் பிரிகிறது.

பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த காலத்தில் இருட்டோடு மர நிரைக்குப் போய்விடுவோம். வெயில் ஏறினால் பால் வரத்துக் குறைந்துவிடும். ஆற்று வெளிச்சமும் அதே கதைதான். 1982இல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள் அல்லவா, அதனால் இங்கே ஏழு மணிக்குத்தான் விடிகிறது. கிழக்கே மலை வேறு மறைக்கிறது. வெயில் தண்ணீருக்கு இறங்கும்வரை ஆறு நீலம் பாரித்துக் கிடக்கும், உச்சியில் மட்டும் மஞ்சள். வண்ணத்தைக் கேமராவின் பொறுப்பில் விட்டால் அந்த நீலத்தைத் துடைத்துவிடுகிறது. ஆகவே வண்ண அமைப்பை வெயில் குறியிலேயே நிறுத்திவிட்டேன். லென்ஸ் முன்னால் மாட்ட நீ வாங்கித் தந்த போலரைசர் கண்ணாடியைத் திருப்பினால் பளபளப்பு அடங்கி, அடியில் கிடக்கும் கூழாங்கற்கள் தெரிகின்றன. பாதிதான் திருப்புகிறேன். ஈரம் ஈரமாகத் தெரிய வேண்டாமா?

இன்று இங்கே ஒரு சொட்டு மழை இல்லை. ஏழரை மணிக்குத் திடீரென்று சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. தண்ணீர் தே தாரிக், அதாவது பால் தேநீர், நிறத்துக்கு மாறியது. கெப்பாலா ஆயேர், திடீர் வெள்ளம்! மலையில் பெய்தது மொத்தமாக இறங்குகிறது. கேமரா முக்காலியை மடக்கக்கூட இல்லை, அப்படியே தூக்கிக்கொண்டு கரையேறினேன். கொஞ்ச நேரத்தில் நான் நின்ற பாறையைக் காணோம். (அம்மாவிடம் சொல்லிவிடாதே.) மேட்டில் நின்று எடுத்த படம்தான் இது.

கலங்கலாக இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதே. அச்சிடுகிற கடையில் வெளிச்சத்தைக் கூட்டித் தருகிறேன் என்பார்கள்; வேண்டாம் என்று சொல்லிவிடு. இடப்பக்கத்து மூங்கில் புதர் கறுப்பாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா