துறைத் தலைவர்களே, அந்த அப்சர்வேஷன் நோட்டையும் சேர்த்து அனுப்புங்கள்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கலை அறிவியல், பொறியியல் கல்லூரிகளின் துறைத் தலைவர்களுக்கும் ப்ராஜெக்ட் வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம்.

இளநிலை மாணவர்களின் ப்ராஜெக்ட்டுகளை விருதுக்கு அனுப்பும் நேரம் வந்தால் உங்கள் துறையில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். தேர்வுப் பணி, இன்டர்னல் மதிப்பெண் பதிவேற்றம், அங்கீகாரக் குழு வருகைக்கான கோப்புகள் என்று நீங்கள் மூச்சுவிட நேரமின்றி இருக்கும்போது முதல்வர் அறையிலிருந்து சுற்றறிக்கை வருகிறது. துறைக்கு ஒரு ப்ராஜெக்ட்டின் பெயரை இரண்டு நாளில் தர வேண்டும். கைக்கு அகப்பட்டவற்றில் பார்வைக்கு எடுப்பாக இருப்பதை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறீர்கள். உங்கள் பளுவை உணர்ந்துதான் எழுதுகிறேன். அந்த இரண்டு நாளில் விடுபட்டுப் போகிற ப்ராஜெக்ட்டுகள் சில, விடுபடவே கூடாதவை.

நான் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலராக இருக்கிறேன். மாணவர் ப்ராஜெக்ட்டுகளை மதிப்பிடும் குழுக்களிலும் அவ்வப்போது அமர்கிறேன். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். எதை அனுப்புவது என்று முடிவெடுக்கும்போது மாணவர் தன் கையால் அளந்தது அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அச்சடித்த அறிக்கையோடு, அவர் அளக்க அளக்க எழுதிய அப்சர்வேஷன் நோட்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்பதற்கு ஓர் உதாரணம். வடசென்னைக் கல்லூரி ஒன்றின் பி.எஸ்சி. வேதியியல் மாணவியர் மூவர், தங்கள் அளவீடுகளைச் சரிபார்க்க வேண்டும் என்று எங்கள் கூடத்துக்கு வந்தார்கள். திருவொற்றியூரிலிருந்து மீஞ்சூர் வரை, கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் நிற்கும் ஊர்களின் கிணற்று நீரைப் பாட்டில்களில் பிடித்து, ஒவ்வொன்றிலும் உப்பின் கூறான குளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவர்கள் ப்ராஜெக்ட். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த சேதிதான். தங்கள் தெருக் கிணற்றில் அது எந்த அளவில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வழி, எந்தக் கல்லூரிச் சோதனைக்கூடத்திலும் உள்ள, மோர் (Mohr) என்பவர் பெயரால் வழங்கும் பழைய முறை. நீர் மாதிரியில் பொட்டாசியம் குரோமேட்டைச் சில துளி விட்டால் எலுமிச்சை மஞ்சள் நிறம் வரும். அளவு குறித்த கண்ணாடிக் குழாயான பியூரெட்டிலிருந்து சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட, குளோரைடு இருக்கும்வரை வெள்ளையாகப் படியும். குளோரைடு தீர்ந்ததும் விழும் துளி செங்கல் நிறம் காட்டி, குடுவையை ஆட்டினாலும் அந்த நிறம் மறையாமல் நிற்கும். அதுதான் முடிவுநிலை.

அந்த நோட்டை நான் பக்கம் பக்கமாகப் படித்தேன். ஓரிடத்தில் மூன்று எண்களை அடித்திருந்தார்கள். பக்கத்திலேயே 'மாலையில் டியூப்லைட் வெளிச்சத்தில் நிற மாற்றம் சரியாகத் தெரியவில்லை; மறுநாள் காலை ஜன்னல் ஓரத்தில் மீண்டும் செய்தோம்' என்று எழுதியிருந்தது. இன்னோரிடத்தில், ஒரு கிணற்று நீரில் உப்பு மிகுதியாக இருந்ததால் பியூரெட் முழுதும் காலியாகியும் முடிவுநிலை வரவில்லை, ஆகவே பத்து மடங்கு நீர்த்துச் செய்தோம் என்று குறிப்பு. காய்ச்சி வடித்த நீரை மட்டும் வைத்து ஒரு வெற்றுச் சோதனை செய்து, அந்த அளவை எல்லா முடிவிலிருந்தும் கழித்திருந்தார்கள். சில்வர் நைட்ரேட் விலை கூடியது என்பதால் மாதிரியின் அளவைக் குறைத்ததையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள். மூவர் விரல்களிலும் சில்வர் நைட்ரேட் கறுப்பாகப் படிந்திருந்தது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1000 வரை ஏற்கலாம். எந்தக் கிணறு எந்தக் கோட்டைத் தாண்டுகிறது, மார்கழியில் பிடித்த நீருக்கும் பங்குனியில் பிடித்த நீருக்கும் என்ன வித்தியாசம் என்று கையால் வரைந்த வரைபடம் கடைசிப் பக்கத்தில் இருந்தது. எங்கள் கூடத்தில் அதே மாதிரிகளை நாங்கள் சோதித்தோம். அவர்கள் எண்களுக்கும் எங்கள் எண்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அந்த ஆண்டு அவர்கள் துறையிலிருந்து விருதுக்குப் போனது வேறொரு ப்ராஜெக்ட். செல்பேசிச் செயலி, வண்ண வண்ணமான திரைகள், தலைப்பில் செயற்கை நுண்ணறிவு. அந்தச் செயலி காட்டிய நீரின் தர எண்கள் எங்கிருந்து வந்தன என்று குழுவில் கேட்டபோது, நின்றிருந்த நால்வரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓர் எண் எப்படிப் பிறக்கிறது என்று அவர்களுக்கு யாரும் காட்டியிருக்கவில்லை.

விலைக்கு வாங்கும் ப்ராஜெக்ட் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. நகரில் ப்ராஜெக்ட் சென்டர் பலகை இல்லாத வட்டாரம் குறைவு. தலைப்பு, கருவி, அறிக்கை, பைண்டிங், வைவாவுக்கான கேள்வி பதில் வரை ஒரே இடத்தில் கிடைக்கிறது. பார்வையற்றோருக்கான மீயொலிக் கைத்தடியும், தானாகத் திறக்கும் குப்பைத்தொட்டியும், செல்பேசியில் சேதி அனுப்பும் பாசனக் கருவியும் ஆண்டுதோறும் அதே படங்களோடு வருகின்றன. தலைப்பு பழையது என்பதற்காக நான் எதையும் ஒதுக்குவதில்லை. பழைய தலைப்பிலும் புதிதாகக் கண்டறிய இடம் உண்டு.

அந்தப் பாசனக் கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்னணு உதிரிகள் விற்கும் ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் மண் ஈரப்பத உணரியில் இரண்டு உலோகக் கால்கள் இருக்கும். ஈர மண்ணில் ஊன்றி இடைவிடாமல் மின்சாரம் கொடுத்தால் மின்னாற்பகுப்பால் அவற்றில் நேர்மின்வாயாக இருக்கும் கால் அரிக்கப்படும். கால் அரிய அரிய, மண்ணின் ஈரம் மாறாதபோதும் காட்டும் எண் மாறிக்கொண்டே போகும். பொறியியல் மாணவர் குழு ஒன்று இதைக் கவனித்தது. ஒரே தொட்டி மண்ணில் இரண்டு உணரிகளை ஊன்றி, ஒன்றுக்கு எப்போதும் மின்சாரம், மற்றதற்கு அளக்கும் கணத்தில் மட்டும் மின்சாரம் என்று வைத்து, மண்ணை எடைபோட்டு, உலர்த்தி, மீண்டும் எடைபோட்டு உண்மையான ஈரத்தோடு ஒப்பிட்டார்கள். எனக்கு அது மிகவும் பிடித்தது. விவசாயி ஒருவர் இந்தக் கருவியை நம்பி மோட்டாரை நிறுத்தலாமா, கூடாதா என்பதற்கு அந்த மண்தொட்டியில் பதில் இருந்தது. இரண்டாவது ரிவியூவில் அவர்களிடம் கேட்கப்பட்டதோ, 'இதில் ஆப் எங்கே?' என்பதுதான்.

திறமைக்கு இங்கே குறைவு இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் செயற்கைக்கோள் 2009இலும், எஸ்.ஆர்.எம். மாணவர்கள் உருவாக்கிய செயற்கைக்கோள் 2011இலும், சத்தியபாமாவின் ஒன்றரைக் கிலோ செயற்கைக்கோள் 2016இலும் பி.எஸ்.எல்.வி.யில் ஏறி விண்ணுக்குப் போயின. அதற்கும் வெகுகாலம் முன்னால் மெரினாவை நோக்கி நிற்கும் மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன், கல்லூரி ஸ்பெக்ட்ரோமீட்டரில் தான் கண்ட ஒளிப்பட்டைகளைப் பற்றித் தனியாகக் கட்டுரை எழுதி, அது 1906இல் லண்டனின் பிலசாபிக்கல் மேகசினில் வந்தது. அப்போது அவருக்கு வயது 18. அதே கல்லூரியில் பி.எஸ்சி. ஆனர்ஸ் மாணவராக இருந்தபோதே வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் 1928இல் தன் முதல் கட்டுரையை வெளியிட்டார். இரண்டிலும் மாணவர் பெயர் மட்டுமே இருந்தது. இன்று நம் ப்ராஜெக்ட் சுருக்கங்களில் தாளாளர், முதல்வர், துறைத் தலைவர், வழிகாட்டி என்று வரிசை முடிந்த பிறகு, செய்தவர் பெயர் அடியில் சிறிய எழுத்தில் வருகிறது. வழிகாட்டிக்கு உரிய இடம் உண்டு, அது நன்றியுரைப் பக்கத்தில் இருக்கட்டும்.

வாய்ப்புகளும் குறைவில்லை. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்டுகளுக்கு நிதி தருகிறது. இந்தியப் பொறியியல் தேசிய அகாடமி புதுமையான மாணவர் ப்ராஜெக்ட்டுகளுக்கு இளநிலைக்கென்றே தனியாக விருது வைத்திருக்கிறது. காந்திய இளம் தொழில்நுட்பப் புத்தாக்க விருதுகள் 2012இல் தொடங்கின. ஜேம்ஸ் டைசன் விருதுக்கு மாணவரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். கல்லூரி வழியாகவே போக வேண்டிய இடங்களில்தான் உங்கள் கையெழுத்து எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சுற்றறிக்கை வந்ததும் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், வகுப்பில் படித்துக் காட்டுங்கள். பெரும்பாலான மாணவர்களுக்கு இப்படி ஒரு விருது இருப்பதே தெரியாமல் மூன்றாண்டும் நான்காண்டும் கழிந்துவிடுகின்றன.

கலை அறிவியல் கல்லூரித் துறைத் தலைவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விருது என்றாலே பொறியியல் பிள்ளைகளுக்கு என்று நீங்களே ஒதுங்கிவிடுகிறீர்கள். பியூரெட்டும் மைக்ராஸ்கோப்பும் உங்களிடம்தான் ஒழுங்காகப் புழங்குகின்றன. தாவரவியல் மாணவி ஒருவர் பள்ளிக்கரணைச் சதுப்பில் எந்தச் செடி எந்த மாதம் பூக்கிறது என்று ஓராண்டு குறித்துவைத்தால், அது எந்தச் செயலிக்கும் இளைத்ததில்லை.

ப்ராஜெக்ட்டை ஜூலையிலேயே தொடங்கவிடுங்கள். கடைசி செமஸ்டரில் மூன்று மாதம் மட்டும் கொடுத்தால், முதல் அளவீடு தவறிப்போனவர்களுக்கு இரண்டாம் முறை செய்ய நேரம் இராது. பிறகு அவர்கள் ப்ராஜெக்ட் சென்டர் பலகையைத் தேடிப் போவார்கள். சுருக்கத்தை மாணவரே எழுதட்டும். ஆங்கிலம் தடுமாறினால் திருத்திக் கொடுங்கள், மாற்றி எழுதாதீர்கள். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் குழுவின் முன் தமிழில் விளக்கலாமா என்று அமைப்பாளர்களிடம் நீங்களே முன்கூட்டிக் கேளுங்கள். எதிர்பார்த்த முடிவு வராமல் போயிருந்தால் வரவில்லை என்றே எழுதச் சொல்லுங்கள். நான் அமர்ந்த குழுக்களில் அப்படி எழுதியவர்களுக்கு நாங்கள் மதிப்பெண் குறைத்ததில்லை.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த மூன்று மாணவியரும் ரயில் டிக்கெட்டையும் சில்வர் நைட்ரேட்டையும் தங்கள் கைக்காசில் வாங்கினார்கள். இன்டர்வெல் டீயை நிறுத்திச் சேர்த்த காசு என்று ஒருவர் சொன்னார். துறையின் ரசாயனப் பட்டியலில் இளநிலை ப்ராஜெக்ட்டுக்கென்று ஒரு சிறு தொகையை ஒதுக்கிவையுங்கள்.

அளந்ததைச் சரிபார்க்க இடமில்லை என்பது இனி ஒரு தடையாக இருக்க வேண்டாம். அம்பத்தூர், கிண்டித் தொழிற்பேட்டைகளில் எங்களைப் போன்ற பரிசோதனைக் கூடங்கள் பல உள்ளன. துறைத் தலைவர் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தோடு உங்கள் மாணவர்களை அனுப்பிப் பாருங்கள். எங்கள் கூடத்துக்கு வருபவர்களின் மாதிரிகளைக் கட்டணம் வாங்காமல் சோதித்துத் தருகிறோம். பாட்டில்களை அதே கிணற்று நீரால் இரண்டு முறை அலசிவிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். இடத்தையும் தேதியையும் ஒட்டுத்தாளில் எழுதச் சொல்லுங்கள். வரும்போது நோட்டையும் கொண்டுவரட்டும்.

அன்புடன்,
அம்பத்தூரிலிருந்து ஒரு வேதியியலர்