வெள்ளையணு எண்ணிக்கையும் முடக்குவாத மாத்திரைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முடக்குவாத மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிப்பதைப் பற்றித் தங்கள் மருத்துவப் பக்கம் விரிவாக எழுதியிருந்தது. பரிசோதனைக் கூடத்தில் முப்பது ஆண்டுகள் ஸ்லைடு பார்த்தவன் என்ற முறையில், அதில் விடுபட்ட ரத்த வெள்ளையணுக்களைப் பற்றிச் சிறிது சேர்க்க விரும்புகிறேன்.

இந்நோயில் மூட்டு வீங்குவதில் பெரும்பங்கு, ரத்தக் குழாயை விட்டு வெளியேறி மூட்டுச் சவ்விலும் மூட்டு நீரிலும் திரளும் வெள்ளையணுக்களுக்கு உண்டு. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள், வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளின் சுரப்பைத் தடுத்து வேதனையைத் தணிக்கின்றனவே தவிர, அணுக்களின் எண்ணிக்கையைப் பெரும்பாலும் மாற்றுவதில்லை. ஸ்டீராய்டு அப்படியல்ல. பிரெட்னிசோலோன் சாப்பிடுபவருக்கு, குழாய்ச் சுவரில் ஒட்டிக்கிடந்த நியூட்ரோஃபில்கள் என்ற வகை வெள்ளையணுக்கள் விடுபட்டு ரத்த ஓட்டத்தில் கலப்பதாலும், ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையிலிருந்து மேலும் சில வந்து சேர்வதாலும், டோட்டல் கவுண்ட் (ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் உள்ள மொத்த வெள்ளையணு எண்ணிக்கை) 11,000 என்ற மேல்வரம்பை எளிதில் தாண்டிவிடுகிறது, மற்றொரு வகையான லிம்போசைட்டுகளோ குறைகின்றன. இதைத் தொற்று என்று கருதி ஆன்டிபயாட்டிக் எழுதிய சீட்டுகளைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஸ்டீராய்டு எடுப்பவருக்கு உண்மையிலேயே தொற்று வருவதும் உண்டு என்பதால், எண்ணிக்கையை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

மெத்தோட்ரெக்சேட் இதற்கு நேர்மாறானது. ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் இம்மருந்து, அளவு மீறினால் மஜ்ஜையையே ஒடுக்கிவிடும். முடக்குவாதத்துக்கு இதை வாரம் ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். அதைத் தினமும் விழுங்கிய ஒரு மூதாட்டி வாயெல்லாம் புண்ணாகி எங்களிடம் வந்தார். 4,000க்குக் கீழே போகக் கூடாத எண்ணிக்கை 1,200 ஆக இருந்தது. ஸ்லைடை நகர்த்திக்கொண்டே போனேன், வெள்ளையணு ஒன்று கண்ணில் பட வெகுநேரம் ஆயிற்று. அவர் கொண்டுவந்த மாத்திரை உறையில் 'காலை 1' என்று மட்டும் எழுதியிருந்தது.

ஆகவே, மெத்தோட்ரெக்சேட் தரும் மருந்துக் கடைகள் உறையின் மேல் 'ஞாயிறு மட்டும்' என்பதுபோல் கிழமையைத் தமிழில் எழுதித் தர வேண்டும். பரிசோதனைக் கூடங்களும் ரத்தம் எடுக்கும்போதே நோயாளி சாப்பிடும் மருந்துகளைக் கேட்டு அறிக்கையில் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரு பேனாவே போதும். சுகாதாரத் துறை இதைக் கட்டாயமாக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பரிசோதனைக் கூடப் பணியாளர்,
மதுரை.