என் கடையின் பொருட்பட்டியலை இடைநிறுத்தியது குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

இலங்கை மலையகத்து டிக்கோயாவிலிருந்து தேயிலை விற்கும் என் இணையக் கடை உங்கள் தளத்தில் இட்ட பொருட்பட்டியலை 'தவறான சித்திரிப்பு' என்று இடைநிறுத்தி வைத்திருக்கிறீர்கள். எதைத் தவறாகச் சித்திரித்தேன் என்று கேட்டுக் கேட்டே அலுத்துவிட்டேன். மறுபரிசீலனை கோரும்போதெல்லாம் அதே பதில்தான் வருகிறது: கொள்கையைப் படியுங்கள்.

படித்தேன். பொருளைத் திருப்பியனுப்பும் விதி, பணம் மீளளிக்கும் முறை, அனுப்பும் கட்டணம், தொலைபேசி எண் எல்லாம் என் கடைத் தளத்தில் இருக்கின்றன. பட்டியல் விலைக்கும் பணம் செலுத்தும் பக்கத்து விலைக்கும் ஒரு சதம்கூட வித்தியாசம் இல்லை. பிரதேச செயலகத்தில் பெற்ற வணிகப் பெயர்ப் பதிவுச் சான்றிதழையும் அனுப்பிவிட்டேன்.

மிஞ்சியது முகவரிதான். வீதிப் பெயரும் வீட்டு இலக்கமும் இல்லையாம். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்கு வீதிப் பெயர் ஏது? தோட்டம், பிரிவு, தபாலகம் என்று எழுதினால் தோட்ட அலுவலகம் வழியாகக் கடிதம் கைக்கு வந்துவிடும். என் பீ.ஓ.பி. ரகத் தேயிலைப் பொதியின் பின்புறத்திலும் அந்த மூன்று வரிகளே அச்சாகியிருக்கின்றன, படமும் அனுப்பினேன். அதற்கு உங்கள் உதவியாளர், "உண்மையான முகவரியைத் தாருங்கள்" என்று எழுதினார். விளக்கத் தொடங்கியதும் உரையாடலை மூடிவிட்டார். என் பாட்டி காலத்திலிருந்து இருக்கும் முகவரி பொய்யா?

ஹட்டனில் இரவு பஸ் ஏறி உங்கள் கொழும்பு அலுவலகத்துக்கும் வந்தேன். விளம்பரம் விற்பது மட்டுமே தங்கள் வேலை என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

ஜனவரி முதல் மார்ச் வரை எங்கள் மேற்குச் சரிவில் தரமான கொழுந்து கிடைக்கும் காலம். அந்தத் தேயிலை விற்காமல் அறையில் அடுக்கிக் கிடக்கிறது. என் பிழைப்பையே அழித்துவிட்டீர்கள்.

தயவுசெய்து, எந்தப் பக்கத்தில் எந்த வரி உங்கள் கொள்கைக்கு முரணானது என்று எழுதித் தாருங்கள், அன்றே திருத்துகிறேன். முகவரிதான் காரணம் என்றால் தோட்ட அலுவலகத்தின் உறுதிக் கடிதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் முடியாதென்றால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும், தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் இந்தக் கடிதத்தின் பிரதி போகும். அந்த உதவியாளர் எழுதியதைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். அதுவும் சேர்ந்தே போகும்.

பதிலை அதே தோட்ட முகவரிக்குத் தபாலில் அனுப்புங்கள். வந்து சேரும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
டிக்கோயா