ரொட்டிக் கடையும் ஒரு படமும்

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. கண்புரை அறுவைக்குப் பிறகு கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் பதில் தாமதமாயிற்று. தடை நீங்கியதும், கல்லூரி நாட்களில் நாம் திரைப்படச் சங்கத்தில் பார்த்த, இத்தாலிய இயக்குநர் ரோபர்ட்டோ ரோசெலினியின் 'ரோம், ஓப்பன் சிட்டி'யைப் பேத்தி கணினியில் போட்டுத்தர, மறுபடி பார்த்தேன். கணவனாகப் போகிறவனை ஏற்றிச் செல்லும் லாரியின் பின்னால் ஓடி, படத்தின் நாயகி பீனா சுடப்பட்டு விழும் காட்சியில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். இப்போது கேட்டால் இல்லை என்பாய்.

இம்முறை என்னை நிறுத்தியது ரொட்டிதான். 1943 செப்டம்பரில் ஜெர்மானியப் படை ரோமைக் கைப்பற்றியது முதல் 1944 ஜூன் 4 அன்று நேசப் படைகள் நுழையும் வரை, 'போர் தொடாத திறந்த நகரம்' என்று அறிவிக்கப்பட்டிருந்த அந்த ஊர் பட்டினி கிடந்தது. 1944 மார்ச்சில் ஒருவருக்கு ஒரு நாள் ரொட்டிப் பங்கீடு 100 கிராமாகக் குறைந்தது. ஆகவேதான் பீனாவை நாம் முதலில் சந்திப்பது, பெண்கள் கூட்டமாகச் சூறையாடும் ரொட்டிக் கடையின் வாசலில். தயங்கி நிற்கும், தேவாலயப் பணியாளரான கோயில்பிள்ளையும் கடைசியில் கூட்டத்துக்குள் புகுந்துவிடுகிறார். ஆக்கிரமிப்பு என்பது டாங்கியும் கொடியும் மட்டுமல்ல, அது அடுக்களை வரை வரும் என்பதை இந்த ஒரு காட்சியே காட்டிவிடுகிறது.

பீனாவின் சாவுக்குப் பின்னே ஓர் உண்மைப் பெண் இருக்கிறாள். ஐந்து குழந்தைகளுக்குத் தாயாகி மீண்டும் கருவுற்றிருந்த தெரேசா குல்லாச்சே, பிடித்துச் செல்லப்பட்ட கணவரை அடைத்து வைத்திருந்த படைமுகாமின் எதிரே, 1944 மார்ச் 3 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். படத்தின் பாதிரியாருக்கும் உண்மை முன்மாதிரிகள் உண்டு. ஒருவரான தோன் பப்பகல்லோ, வெடிகுண்டுத் தாக்குதல் ஒன்றில் ஜெர்மானியக் காவல்படையினர் இறந்ததற்குப் பழிவாங்க மார்ச் 24 அன்று அர்தெயாத்தீனே குகைகளில் கொல்லப்பட்ட 335 பேரில் அடங்குவார். மற்றவரான தோன் மொரொசீனி, ஏப்ரல் 3 அன்று பிராவெத்தா கோட்டையில் சுடப்பட்டார். ஓராண்டுகூட முடியாமல், வட இத்தாலி இன்னும் ஜெர்மானியர் பிடியில் இருக்கையிலேயே, 1945 ஜனவரியில் ரோசெலினி படப்பிடிப்பைத் தொடங்கினார். நல்ல படச்சுருளுக்கும் பணத்துக்கும் தட்டுப்பாடு. வசனங்களைப் பின்னர்தான் பதிவு செய்தார்கள்.

ஆனால் அன்று நமக்குத் தோன்றாத ஒரு குறை இப்போது உறுத்துகிறது. 1943 அக்டோபர் 16 அன்று ரோமின் யூதக் குடும்பங்களை வீடு வீடாக வளைத்துப் பிடித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அவுஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். திரும்பியவர்கள் பதினாறு பேர். அந்த நாளைப் பற்றிப் படத்தில் ஒரு காட்சியும் இல்லை. உள்ளூர்ப் பாசிஸ்டுகளும் ஓரமாகவே வந்துபோகிறார்கள். பழியின் பெரும்பங்கு ஜெர்மானிய அதிகாரிமீது இறங்குகிறது. முசோலினி ஆட்சியில் போர்ப் படங்கள் எடுத்த அதே ரோசெலினிதான் இதையும் எடுத்தார் என்பதை நினைக்கும்போது, தன் மக்களைத் தாங்கிப் பிடிக்கும் அவசரம் அவருக்கு இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். இதனால் படம் எனக்குச் சிறுத்துவிடவில்லை. அதைச் சாட்சியமாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாமல் போயிற்று, அவ்வளவுதான். நீ இதை ஒப்புக்கொள்ள மாட்டாய் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

இன்னொன்று. சோதனைக்கு வரும் வீரர்களை ஏமாற்ற, அடம்பிடிக்கும் கிழவரைப் பாதிரியார் வாணலியால் அடித்துச் சாகக் கிடப்பவர்போலப் படுக்கவைக்கும் காட்சியில் அரங்கமே சிரித்தது நினைவிருக்கிறதா? அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பீனா தெருவில் விழுந்துவிடுகிறாள். சிரிக்கவைத்துவிட்டு உடனே அறைந்ததைப் போலிருந்தது.

கடைசிக் காட்சியைப் பற்றி நாம் இரவு முழுதும் சண்டை போட்டோமே: பாதிரியார் சுடப்பட்ட பிறகு, தலை குனிந்து, தூரத்தில் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் தெரிய, நகரை நோக்கி நடக்கும் சிறுவர்கள். நீ அதை நம்பிக்கை என்றாய். இரவில் குண்டு வைத்துவிட்டு வீடு திரும்பியபோது ஜெர்மானியரைவிடப் பெற்றோரின் அடிக்குத்தான் அதிகம் நடுங்கியவர்கள் இவர்கள். எனக்கு இப்போதும் அவர்கள் வெறுமனே வீட்டுக்குத்தான் போகிறார்கள் என்று தோன்றுகிறது. மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
நடராஜன்