பத்து யூனிட் குறைந்தால் 78 டாலர்

மேற்கு மாம்பலம்,
சென்னை - 33

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதமும் மகள் வீட்டு கரண்ட் பில் நகலும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். ஆடிக்காற்று தூசியை அள்ளிக்கொண்டு வருகிறது, ஆனால் காற்றாலைகள் சுற்றுவதால் இந்த மாதங்களில் நமக்குக் கரண்ட் தட்டுப்பாடு அதிகம் இருக்காது.

இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். டல்லாஸில் மகள் வீட்டுக் கரண்ட் ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது, அடுத்து எந்தத் திட்டத்தை எடுப்பது? யாரிடம் வேண்டுமானாலும் கரண்ட் வாங்கலாம் என்ற ஏற்பாடு நம்மூருக்கு வந்தால் வீட்டுக்காரர்கள் பாடு என்ன? முதல் கேள்விக்குத் தேதி நெருங்குகிறது, அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பில்லில் இரண்டு கம்பெனிப் பெயர் இருப்பது உன்னைக் குழப்பியிருக்கிறது. டல்லாஸ் இருக்கிற டெக்சாஸ் மாநிலம் 1999-ல் சட்டம் போட்டு, 2002 ஜனவரியிலிருந்து வீடுகளுக்குத் திறந்துவிட்டது விற்பனையை மட்டும்தான். கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர், மீட்டர் எல்லாம் இன்றைக்கும் ஒரு வட்டாரத்துக்கு ஒரே கம்பெனி. டல்லாஸில் ஆன்கோர், ஹூஸ்டனில் சென்டர்பாயின்ட். அந்தக் கம்பிக் கட்டணத்தை அரசின் ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது, யாரிடம் வாங்கினாலும் அது ஒன்றுதான். ஆகவே கரண்ட் போனால் கூப்பிட வேண்டியது ஆன்கோரை. விற்பவரை மாற்றுவதால் வோல்டேஜ் சீராகாது, மின்தடையும் குறையாது. மாறுவது பணக் கணக்கு மட்டும். ஆஸ்டினிலும் சான் அன்டோனியோவிலும் நகர நிர்வாகமே விற்கிறது. அங்கே குடியேறினால் இந்தத் தலைவலியே கிடையாது.

ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு கட்டண விவரத் தாள் கொடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. அதில் மாதம் 500, 1,000, 2,000 யூனிட் செலவானால் யூனிட்டுக்குச் சராசரி எவ்வளவு என்று மூன்று எண் இருக்கும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது நடு எண்ணை. ஏமாறுகிற இடமும் அதுதான். நானே எண்களைப் போட்டுக் காட்டுகிறேன். கம்பிக் கட்டணமும் சேர்த்து யூனிட்டுக்கு 18 சென்ட், 1,000 யூனிட்டைத் தொட்டால் 80 டாலர் தள்ளுபடி என்று ஒரு திட்டம் இருப்பதாக வைத்துக்கொள். 1,000 யூனிட்டுக்கு 180 டாலரில் 80 போக 100 டாலர், அதாவது யூனிட் 10 சென்ட். பட்டியலில் முதலில் நிற்கும். 500 யூனிட்டுக்கு 90 டாலர், யூனிட் 18 சென்ட். 2,000-க்கு 280 டாலர், யூனிட் 14 சென்ட். இப்போது 990 யூனிட்டுக்குப் போட்டுப் பார்: 178 டாலர் 20 சென்ட். பத்து யூனிட் மிச்சம் பிடித்த வீட்டுக்கு 78 டாலர் கூடுதல்! அந்த ஊரில் ஆகஸ்டில் ஏசி ஓடி 1,000 தாண்டும், ஏப்ரலில் 600-லேயே நிற்கலாம். வருஷத்தில் ஏழெட்டு மாதம் அந்தத் தள்ளுபடி கைக்கு வராமலே போகும்.

அதனால் தாளிலுள்ள சராசரியை நம்பாதே. அங்கே ஸ்மார்ட் மீட்டர் 15 நிமிடத்துக்கு ஒரு முறை கணக்கு எடுக்கிறது. 'ஸ்மார்ட் மீட்டர் டெக்சாஸ்' தளத்தில் மகள் பெயரில் பதிந்தால் பழைய கணக்கை இறக்கிக்கொள்ளலாம். பன்னிரண்டு மாத யூனிட்டையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியாகப் பெருக்கி, தள்ளுபடி கிடைக்கும் மாதத்தில் மட்டும் கழித்து, வருஷக் கூட்டுத்தொகையை ஒப்பிட வேண்டும். தள்ளுபடியே இல்லாத, ஒரே விலைத் திட்டம்தான் பெரும்பாலான வீடுகளுக்குக் கட்டுப்படியாகும் என்பது என் எண்ணம். 'ராத்திரி இலவசம்' என்பதில் பகல் விலையை ஏற்றித்தான் வைத்திருப்பார்கள். கோடையில் பிற்பகல் மூன்றிலிருந்து எட்டு வரை ஏசி ஓடுகிற வீட்டுக்கு அது ஆகாது.

தேதியில் கவனம் வேண்டும். ஒப்பந்தம் முடிவதற்கு 14 நாள் முன்பிருந்து அபராதம் இல்லாமல் வேறு விற்பவரிடம் மாறலாம். அதற்கு முன்னால் மாறினால் முன்முறிவுக் கட்டணம் உண்டு. வீட்டைக் காலி செய்து போனால் மட்டும் அது கிடையாது. ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டால் மாதா மாதம் மாறுகிற விலைக்குத் தள்ளிவிடுவார்கள், அதுதான் பெரும்பாலும் இருப்பதிலேயே அதிகம். இன்னொன்று, ஆகஸ்டில் தொடங்கி ஆகஸ்டில் முடிகிற ஒப்பந்தம் வேண்டாம். ஒவ்வொரு முறையும் வெயில் உச்சத்தில், விலை ஏறியிருக்கும்போது பேரம் பேச வேண்டியிருக்கும். எட்டு மாதமோ பதினான்கு மாதமோ எடுத்து, ஏப்ரலிலோ அக்டோபரிலோ முடியும்படி பார்த்துக்கொள்.

மொத்த வியாபாரச் சந்தை விலையை அப்படியே வீட்டுக்குக் கடத்துகிற திட்டம் அங்கே இப்போது கிடையாது. 2021 பிப்ரவரி பனிப்புயலில் மொத்த விலை யூனிட்டுக்கு 9 டாலர் என்ற உச்சவரம்பிலேயே நாள்கணக்கில் நின்றது. 5 கிலோவாட் ஹீட்டர் பத்து மணி நேரம் எரிந்தால் 50 யூனிட், ஒரு நாளைக்கு 450 டாலர். அப்படி விற்ற கிரிடி என்ற கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. அடுத்த மாதமே அந்தக் கம்பெனி திவாலானது, அந்த ஆண்டே வீடுகளுக்கு அப்படி விற்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

இனி நம்மூர். நமக்கு விலையை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது, அதில் ஒரு பங்கை மாநில அரசு மானியமாகக் கட்டுகிறது, இன்னொரு பங்கைத் தொழிற்சாலையும் கடையும் கூடுதல் கட்டணமாகச் சுமக்கின்றன. ஆனால் சந்தை இல்லாத நம்மிடமும் அதே மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறது, திசைதான் வேறு. 2024 ஜூலை விகிதப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் தலா ரூ.2.35, பிறகு 200 யூனிட் தலா ரூ.4.70, கடைசி 100 தலா ரூ.6.30. மொத்தம் ரூ.1,805. 501 ஆனால் அந்த ரூ.2.35 படியே மறைந்துவிடும். 101-லிருந்து 400 வரை எல்லாமே ரூ.4.70, கடைசி யூனிட் ரூ.8.40. மொத்தம் ரூ.2,048.40. ஒரே யூனிட்டுக்கு ரூ.243.40.

ரீடிங் எடுக்க வருபவர் நான்கு நாள் தாமதித்தாலும் இதே கதிதான். நாளைக்கு 8.2 யூனிட் செலவாகிற வீட்டில் 60-வது நாள் 492 யூனிட், ரூ.1,754.60. 64-வது நாள் 525 யூனிட், ரூ.2,250. வீட்டில் யாரும் ஒரு சுவிட்சைக்கூடக் கூடுதலாகப் போடவில்லை, ஆனாலும் ஐந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம்தான் குறைவு. உன் அண்ணாநகர் வீட்டில் குடியிருப்பவரிடம் சொல்: 50-வது நாள் மீட்டரில் கிலோவாட் மணி எண் வரும்போது படம் எடுத்து வைக்கட்டும். அதில் போன ரீடிங்கைக் கழித்து 410 தாண்டியிருந்தால் மிச்ச நாட்களில் ஏசியைக் குறைத்தால் தப்பிக்கலாம். ரீடிங் தாமதமானால் அந்தப் படத்தோடு இ.பி. ஆபீசில் எழுதிக் கொடுக்கலாம்.

இரண்டாவது கேள்விக்கு மும்பையைப் பார்த்தால் போதும். அங்கே புறநகர் வீடுகள் 2009-லிருந்தே, பழைய கம்பெனியின் கம்பியிலேயே டாடாவிடம் கரண்ட் வாங்க முடிந்தது. கம்பி வாடகை பழைய கம்பெனிக்குப் போகும். முதலில் நகர்ந்தவர்கள் பெரிய பில் கட்டுபவர்கள். மிஞ்சிய சின்ன வீடுகளின் சுமையை யார் தாங்குவது என்று வழக்குக்கு மேல் வழக்கு.

ஒரே கம்பியில் பல விற்பனையாளர்கள் என்ற ஏற்பாடு 2022 மின்சாரத் திருத்த மசோதாவிலும் இருந்தது, 2025 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட திருத்த வரைவிலும் இருக்கிறது. நம் ஊரில் 1 மெகாவாட்டுக்கு மேல் இழுக்கிற ஆலைகளுக்கு 2003 மின்சாரச் சட்டத்திலேயே வெளியில் வாங்கும் உரிமை உண்டு. பசுமை மின்சாரத்துக்கு 2022-ல் அது 100 கிலோவாட்டாக இறங்கியது. அவர்கள் வெளியே போகப் போக, வீட்டுக் கட்டணத்தைத் தாங்கிய அந்தப் பங்கு கரைகிறது. வியாசர்பாடியில் 90 யூனிட் எரித்து ஒரு பைசாவும் கட்டாத வீட்டை எந்தப் புது விற்பனையாளரும் தேடி வரமாட்டார். 2003 சட்டத்தின் 65-வது பிரிவு மானியத்தை அரசு முன்கூட்டியே கட்ட வேண்டும் என்கிறது. அந்தப் பணம் வீட்டைத் தொடர்ந்து போகுமா, பழைய வாரியத்தோடேயே நின்றுவிடுமா? இணைப்பு கேட்டவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற 43-வது பிரிவுக் கடமை புதியவருக்கும் உண்டா, பழையவருக்கு மட்டுமா? இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் வராமல் நான் இதை ஆதரிக்க மாட்டேன். சுதந்திரத் தேர்வு என்று மேடையில் பேசுபவர்கள் இந்த இரண்டையும் தொடுவதே இல்லை, எனக்கு அதில்தான் கோபம்.

மகளிடம் சொல்லி பன்னிரண்டு மாத யூனிட்டையும் மூன்று திட்டங்களின் தாளையும் இந்த வாரமே அனுப்பு. முன்முறிவுக் கட்டணம் எவ்வளவு என்று இப்போதைய ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பார்த்து அதையும் சேர்த்து எழுது. கணக்குப் போட்டு ஆகஸ்ட் பிறப்பதற்குள் பதில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராகவன்