பத்தரை மணிக் கூட்டத்துக்கு நாங்கள் ஏன் வருவதில்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் பேத்தி ராயபுரம் பக்கம் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை மாதம் ஒருமுறை பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பள்ளி விஷயங்களைக் கடிதமாக எழுதிப் போடுவார். நல்ல பழக்கம், அதில் குறை சொல்ல மாட்டேன். இந்த மாதமும் விளையாட்டு விழா, கண் பரிசோதனை, பிள்ளைகள் வாசிப்பில் தேறியிருப்பது எல்லாம் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி. "பெற்றோர் கூட்டத்துக்குப் பாதிப் பேர்கூட வருவதில்லை, படிப்பின் அருமை தெரியாத வீட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாங்கள் மட்டும் என்ன செய்துவிட முடியும்?"

அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

கூட்டம் எப்போதும் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குத்தான். என் மருமகள் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறாள். ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பிப் போகிறவள். சனி, ஞாயிறு வியாபாரத்தில்தான் வாரம் முழுவதும் ஓடுகிறது. பத்தரை மணிக்குக் கூடையை மூடிவைத்துவிட்டு வந்தால் ஐஸ் கரைந்து மீனுக்குக் கண் வெளுத்துவிடும், அப்புறம் பாதி விலைக்கும் ஆள் நிற்காது. ஏலத்தில் போட்ட பணமோ வட்டிப் பணம். மகன் டிரெய்லர் ஓட்டுகிறான். துறைமுகத்துக்குள் நுழையும் ஜீரோ கேட் வரிசையில் வண்டி நின்றுவிட்டால் எப்போது உள்ளே விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது, வண்டியை விட்டுவிட்டு வரவும் முடியாது. அந்த வாட்ஸ்அப் வருகிற போனும் அவன் சட்டைப் பையில்தான் இருக்கிறது. சரி, வீட்டில் சும்மா இருக்கும் நான் போகலாம் என்று போனால், "தாத்தா வந்தால் போதாது, அம்மா அப்பாவை அனுப்புங்கள்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். வந்தவனை அனுப்பிவிட்டு, வரவில்லை என்று எழுதுவது நியாயமா?

படிப்பின் அருமை தெரியாத வீடாம். மருமகள் எட்டாவது வரை படித்தவள். முன்பெல்லாம் சாயங்காலம் எலுமிச்சைத் தோலால் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் மகளின் நோட்டைத் தொடுவாள், பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு கேட்பாள். போன வருடம் ஒரு டீச்சர் அந்த நோட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இது யார் வீட்டு மீன் வாசம்?" என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி சொல்லியிருக்கிறார். குழந்தை அன்றிலிருந்து அம்மாவை நோட்டைத் தொட விடுவதில்லை. பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுப் பைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். பிள்ளைகளை அடிப்பது மட்டுமல்ல, மனதை நோகடிப்பதும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். எங்கள் தெருவில் ஒரு பெண்ணையும் யாரும் வந்து கேட்டதில்லை.

பிள்ளைகள் பள்ளிக்கு வராத காலம் முன்பும் இருந்தது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்த பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஏழ்மையால் பிள்ளைகள் வரவில்லை என்று கண்டு 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் சாப்பாடு போட வைத்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்குப் பார்த்துச் செய்தது அது. ஏன் வரவில்லை என்று கேட்டார்கள், அதற்கு வழி செய்தார்கள். இன்று எங்கள் பள்ளியிலும் காலை உணவு இருக்கிறது. நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டில் வந்த பிறகு, மருமகள் விடியற்காலையில் பிள்ளை பட்டினியாகப் போகுமே என்று தவிப்பதில்லை. பிள்ளைக்காக இவ்வளவு யோசித்த அரசாங்கத்தின் சம்பளம் வாங்குகிறவர்கள், அம்மாவுக்காக ஒரு மணி நேரத்தை மாற்றி யோசிக்கக் கூடாதா?

பத்திரிகைகள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. வடசென்னை என்றாலே வெட்டு, குத்து, கஞ்சா என்றுதான் எழுதுகிறீர்கள். அதைப் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வருகிறவர்கள் எங்களை வேறு எப்படிப் பார்ப்பார்கள்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எர்ணாவூர் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. அங்கே இருக்கும் என் தங்கை முதலில் பரண்மேல் தூக்கி வைத்தது பேரனின் புத்தகப் பையைத்தான். அரிசி மூட்டை அடியிலேயே கிடந்து நாசமானது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு சனங்கள் ரோட்டில் ஓடினார்கள். இவர்களுக்கா பிள்ளைகள் மேல் அக்கறை இல்லை?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பெற்றோர் கூட்டத்தை ஏதாவது ஒரு வேலை நாளில் மாலை ஐந்தரை மணிக்கு வையுங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை இருக்கிறது. ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறந்ததும் ஒரு கூட்டம் வைத்தால் லாஞ்சுக்குப் போகிற ஆண்களும் சேர்ந்தே வருவார்கள். அறிவிப்பைத் தாளிலும் எழுதிப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்புங்கள். தாத்தா, பாட்டி வந்தால் உட்கார வைத்துப் பேசுங்கள்.

கல்வி அதிகாரிகளின் கண்ணில் படும்படி இதை வெளியிட வேண்டுகிறேன். பேத்தி அதே பள்ளியில்தான் படித்தாக வேண்டும், அதனால் என் பெயரைப் போட வேண்டாம். பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாசகர்,
காசிமேடு, சென்னை - 13